ஐந்து மடங்கில் ஒரு முசுறு: அதிபெருக்க மேக்ரோ படத்துக்கு எந்தக் கருவி?

முசுறு எறும்பின் நீளம் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். மாமர இலைகளைப் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் அந்தச் செந்நிற எறும்போடு, அதே நிறத்தில் அதே நடையில் ஒரு சிலந்தியும் திரியும். எறும்புக்கு ஆறு கால், இரண்டு உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டி உணர்கொம்புபோல் காட்டிவிடும். சாதாரணக் கண்ணால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். படச்சட்டம் நிறைய, ஒவ்வொரு மயிரும் தெரிய ஒரு படம் கிடைத்தால்தான் வேடம் கலையும்.

அப்படி ஒரு படம் எடுக்க என்ன வாங்க வேண்டும்? திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையின் கிரிவலப் பாதையோரத்தில் பூச்சி தேடுபவரும் சென்னையில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருப்பவரும் ஒரே போலக் கேட்கும் கேள்வி இது. கேட்டவர்களுக்கெல்லாம் பதிலும் கிடைத்திருக்கிறது. ஆனால் பதில் சொன்னவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. ஒருவர் இதற்கென்றே செய்த லென்ஸை வாங்கச் சொல்வார். இன்னொருவர் வீட்டில் கிடக்கும் பழைய லென்ஸைத் திருப்பி மாட்டினால் போதும் என்பார். மூன்றாமவர் நுண்ணோக்கியைக் கழற்றச் சொல்வார். ஒவ்வொரு பதிலுக்கும் நல்ல காரணம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உடைகிறது.

முதலில் அளவைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சென்சாரில் விழும் உருவத்தின் அளவுக்கும் பொருளின் உண்மை அளவுக்கும் உள்ள விகிதமே உருப்பெருக்கம். எட்டு மில்லிமீட்டர் எறும்பு சென்சாரிலும் எட்டு மில்லிமீட்டராக விழுந்தால் அது ஒரு மடங்கு, அதாவது 1:1. வழக்கமான மேக்ரோ லென்ஸ்கள் பெரும்பாலும் அங்கே நின்றுவிடுகின்றன. 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்ட சென்சாரை அந்த எறும்பால் நிரப்ப நாலரை மடங்கு வேண்டும். மல்லாட்டைச் செடியின் இலைப்பேன் ஒரு மில்லிமீட்டர்தான். அதற்கு முப்பது மடங்கைத் தாண்ட வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரை பேசுவது ஒரு மடங்கைத் தாண்டிய அந்த நிலத்தைப் பற்றி.

பழைய கேள்வி

ஒளிப்படக்கலை பிறந்தபோதே இந்த ஆசையும் பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சூரிய நுண்ணோக்கி வழியாகப் பூச்சிச் சிறகுகளைப் படமாக்கினார். 1955இல் கில்ஃபிட் நிறுவனம் 35 மி.மீ. கேமராவுக்கு ‘மாக்ரோ-கிலார்’ லென்ஸைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே நிக்கான், நூல்களை மைக்ரோஃபிலிமில் பதிவதற்காகத் தன் ‘மைக்ரோ-நிக்கோர்’ லென்ஸை வெளியிட்டது. ஆனால் இவை ஒரு மடங்குக்குள் அடங்கியவை. அதற்கு மேல் போக விரும்பியவர்கள் ஆய்வகங்களில் இருந்தார்கள். பெல்லோஸ் எனப்படும் துருத்தி அமைப்பின் முனையில் ட்ஸைஸின் லுமினார், லைட்ஸின் ஃபோட்டார், ஒலிம்பஸின் குறுங்குவிய மேக்ரோ லென்ஸ்கள் ஆகியவற்றைப் பூட்டி, கனமான தாங்கியில் நிறுத்திப் படமெடுத்தார்கள். தோட்டத்துக்கு எடுத்துச்செல்லும் கருவிகள் அல்ல அவை.

நிலைமையை இரண்டு மாற்றங்கள் புரட்டின. 1999இல் கேனான் வெளியிட்ட எம்.பி.-இ 65 மி.மீ. லென்ஸ், ஒன்றிலிருந்து ஐந்து மடங்கு வரை ஒரே உருளைக்குள் அடக்கிக் கையில் கொடுத்தது. அதன் பின்னாலேயே வந்த டிஜிட்டல் கேமரா, நூறு படம் எடுத்துத் தொண்ணூற்றொன்பதைத் தூக்கியெறியும் துணிச்சலைத் தந்தது. பல படங்களின் தெளிவான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒன்றாக்கும் ஸ்டாக்கிங் மென்பொருள்களும் சாதாரண வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்தன. இன்றைய வாதங்கள் எல்லாம் இந்த இரண்டு மாற்றங்களுக்குப் பிறகு கிளைத்தவையே.

எந்த லென்ஸும் தப்ப முடியாத கணக்கு

கட்சிகளுக்குள் போகுமுன் எல்லாரையும் கட்டிப்போடும் இயற்பியலைச் சொல்லியாக வேண்டும். இதைத் தாண்டி எந்த நிறுவனமும் லென்ஸ் செய்ததில்லை.

உருப்பெருக்கம் கூடக் கூட லென்ஸின் துளை சுருங்கியதுபோல் நடந்துகொள்ளும். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எஃப் எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கினால் உண்மையான எஃப் எண் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து மடங்கில் எஃப் 2.8 என்பது ஏறக்குறைய எஃப் 17. எஃப் 8 வைத்தால் அது எஃப் 48. சென்சாருக்கு வந்து சேரும் ஒளி முப்பத்தாறில் ஒரு பங்காகக் குறைகிறது.

தெளிவு ஆழம் அதைவிடக் கொடியது. ஐந்து மடங்கில், துளையை எஃப் 2.8க்கு முழுதும் திறந்து எடுத்தால், கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் சுமார் 0.05 மி.மீ. முசுறுவின் கண் தெளிவாக இருக்கும்போது தாடை மங்கிவிடும். துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும்தானே என்று கேட்கலாம். கூடும்; எஃப் 8இல் 0.13 மி.மீ. வரை வரும். ஆனால் அதற்குள் ஒளியின் விளிம்பு விளைவு முந்திக்கொள்ளும். எஃப் 17இல் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 0.02 மி.மீ. அகலமான வட்டமாகப் பரவுகிறது. எஃப் 48இல் 0.06 மி.மீ.க்கு மேல். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரின் ஒரு பிக்சல் அகலம் 0.006 மி.மீ. மட்டுமே. பத்துப் பிக்சலுக்கு விரியும் புள்ளியில் மயிரின் நுனியைத் தேடிப் பயனில்லை.

ஆக ஆழம் வேண்டுமென்றால் நுணுக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நுணுக்கம் வேண்டுமென்றால் ஆழத்தைப் பல படங்களாகச் சேர்க்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு கட்சியும் இந்த இரண்டில் எதைக் கைவிடத் துணிகிறது என்று பார்த்தால் அதன் இயல்பு புரிந்துவிடும்.

இதற்கென்றே செய்த லென்ஸ்

முதல் கட்சி நேரடியானது. வேலைக்கு ஏற்ற கருவியை வாங்கு என்பது அதன் வாதம். எம்.பி.-இ 65தான் நெடுங்காலம் இதன் கொடி. டெக்சாஸின் அலெக்ஸ் வைல்ட் எடுத்த எறும்புப் படங்கள் இந்த லென்ஸின் பெயரை உலகம் முழுக்கப் பரப்பின. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தேனீ ஆய்வகத்தில் சாம் ட்ரோகி குழுவினரும் இதைப் பயன்படுத்தி, கருப்புப் பின்னணியில் தேனீப் படங்களை எடுத்து, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தார்கள்.

இந்த லென்ஸில் ஃபோகஸ் வளையம் கிடையாது. வளையத்தைத் திருகினால் உருப்பெருக்கம் மாறும். ஃபோகஸுக்குக் கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஐந்து மடங்கில் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே சுமார் நாலு சென்டிமீட்டர்தான் இடம். எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஃபிளாஷ் ஏறினால் கை வலிக்கும்.

சீனாவின் வீனஸ் ஆப்டிக்ஸ் தன் லாவோவா வரிசையால் இந்தக் கட்சியின் விலையை இறக்கியது. 2015இல் இரண்டு மடங்கு போகும் 60 மி.மீ., 2018இல் இரண்டரையிலிருந்து ஐந்து மடங்கு போகும் 25 மி.மீ., 2019இல் இரண்டு மடங்கு போகும் 100 மி.மீ. என்று அடுத்தடுத்து வந்தன. 25 மி.மீ. லென்ஸ் எம்.பி.-இயைவிட மிக இலகு, பல கேமராக்களுக்குப் பொருந்தும். ஆனால் துளையைக் கையால்தான் திருக வேண்டும்; சுருக்கியபின் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். பெரிய நிறுவனங்களும் ஒரு மடங்கோடு நிற்கும் பழக்கத்தை அண்மையில் தளர்த்தியிருக்கின்றன. 2021இல் வந்த கேனானின் ஆர்.எஃப். 100 மி.மீ. 1.4 மடங்கு போகிறது, 2023இல் ஓ.எம். சிஸ்டம் வெளியிட்ட 90 மி.மீ. இரண்டு மடங்கு, அதுவும் ஆட்டோ ஃபோகஸோடு.

இந்தக் கட்சியின் பலவீனம் விலை மட்டுமல்ல. இரண்டரை மடங்கில் தொடங்கும் லென்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் எதிரே வரும் கும்பிடுபூச்சியை முழுதாக எடுக்க முடியாது. களத்தில் எது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாதவருக்கு, ஒரே வேலைக்காகச் செய்த கருவி பெரும் கட்டுப்பாடு.

திருப்பி மாட்டுவோர்

இரண்டாவது கட்சிக்கு நம் மண்ணில் நல்ல முன்னோடி உண்டு. சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்த கருவியால் காட்டுயிர்களைப் படமெடுத்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அவர் எடுத்தது யானையையும் மானையும். ஆனால் கையில் இருப்பதை வைத்து வேண்டியதைச் செய்துகொள்வது என்ற மனநிலை அதேதான்.

திருப்பி மாட்டுவதன் தருக்கம் எளிமையானது. சாதாரண லென்ஸ் தொலைவிலுள்ள பெரிய பொருளை அருகிலுள்ள சிறிய சென்சாரில் விழவைக்க வடிவமைக்கப்பட்டது. ஒரு மடங்கைத் தாண்டினால் நிலைமை தலைகீழ்: பொருள் சிறியது, உருவம் பெரியது. ஆகவே லென்ஸையும் தலைகீழாக்கினால் அது தன் வடிவமைப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 50 மி.மீ. லென்ஸை ஒரு ரிவர்ஸ் ரிங் கொண்டு திருப்பினால் சுமார் ஒரு மடங்கு கிடைக்கும், 28 மி.மீ. இரண்டு மடங்குக்கு மேல் தரும். நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் சேர்த்தால் இன்னும் ஏறும். இன்னொரு வழி, நீண்ட லென்ஸின் முன்னால் குட்டை லென்ஸைத் திருப்பி ஒட்டுவது. 200 மி.மீ.க்கு முன்னால் 50 மி.மீ. வைத்தால் 200ஐ 50ஆல் வகுத்த நாலு மடங்கு.

இந்த முறை சிறுபிள்ளை விளையாட்டு அல்ல என்று நிரூபித்தவர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த தாமஸ் ஷஹான். திருப்பி மாட்டிய பழைய லென்ஸ், ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்க வீட்டில் செய்த டிஃப்யூசர் இரண்டையும் வைத்து அவர் எடுத்த குதிக்கும் சிலந்திகளின் முகங்கள் உலகம் முழுக்கப் பார்க்கப்பட்டன. அந்த நாலு முன்கண்களின் பளபளப்பில் எந்த விலைப்பட்டியலும் தெரியவில்லை.

பலவீனங்களும் வெளிப்படை. கேமராவோடு மின்தொடர்பு அறுந்துவிடுவதால் துளையை வளையத்தால்தான் கட்டுப்படுத்த வேண்டும். வளையமே இல்லாத இன்றைய லென்ஸ்கள் பலவற்றுக்கு இது தலைவலி. கேனான் எஸ்.எல்.ஆர். வைத்திருப்போர், வேண்டிய துளையை அமைத்து, டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்திக்கொண்டே லென்ஸைக் கழற்றி அந்த நிலையிலேயே நிறுத்தும் தந்திரத்தைக் கையாளுகிறார்கள். லென்ஸின் பின்புறக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இன்னொரு கவலை. கோடையில் செம்மண் புழுதி கிளம்பும் திருவண்ணாமலைப் பக்கத்தில் இது அற்பமான விஷயமே இல்லை.

முன்னால் ஒரு கண்ணாடி

திருப்புவதற்கும் வாங்குவதற்கும் நடுவே ஒரு சமரசம்: இருக்கும் லென்ஸின் முன்னால் கிளிப் போட்டு மாட்டும் க்ளோசப் லென்ஸ். ரேய்னாக்ஸ் டி.சி.ஆர்.-250 இவற்றில் பெயர்பெற்றது. அதன் குவியத்தூரம் 125 மி.மீ.; 200 மி.மீ. லென்ஸின் முன்னால் வைத்தால் 1.6 மடங்கு, 300 மி.மீ. முன்னால் வைத்தால் 2.4 மடங்கு. லென்ஸை முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தால் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடம் கிடைக்கும். நாலு சென்டிமீட்டரில் பறந்தோடும் தட்டானுக்கு இது பெரிய வேறுபாடு. மின்தொடர்பு அறாது, ஒரு நொடியில் கழற்றிவிடலாம். மூன்று மடங்கைத் தாண்ட நினைப்பவருக்கு மட்டும் இது தோற்றுவிடும். ஓரங்களில் கூர்மையும் குறையும். தொடங்குபவருக்கு முதலில் எதைப் பரிந்துரைக்கலாம் என்றால் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

நுண்ணோக்கியின் கண்

ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டால் மேக்ரோ லென்ஸ்களின் ஆட்சி முடிந்து நுண்ணோக்கி ஆப்ஜெக்டிவ்களின் ஆட்சி தொடங்குகிறது. இந்தக் கட்சிதான் மிகவும் கறாரானது. எஃப் எண்ணைப் பற்றி இவர்கள் பேசுவதே இல்லை. நியூமெரிக்கல் அபர்ச்சர் எனும் எண்ணே இவர்களுக்கு எல்லாம். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நுணுக்கம் பிரியும்.

கணக்கு இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. கல்லூரி நுண்ணோக்கியில் இருக்கும் 4 மடங்கு, 0.10 ஆப்ஜெக்டிவ் கொள்கையளவில் 3.4 மைக்ரான் இடைவெளியைப் பிரித்துக்காட்டும். ஐந்து மடங்கில் எஃப் 2.8இல் நிற்கும் நல்ல மேக்ரோ லென்ஸ் சுமார் 2.3 மைக்ரான் வரை போகலாம். மிட்டுடோயோவின் 10 மடங்கு, 0.28 ஆப்ஜெக்டிவ் 1.2 மைக்ரானை எட்டும். தொழிற்சாலைச் சோதனைக்காகச் செய்யப்பட்ட அந்த ஆப்ஜெக்டிவுக்கு இன்னொரு சிறப்பு: பொருளுக்கும் அதற்கும் நடுவே சுமார் 34 மி.மீ. இடம் விடும். சாதாரண 10 மடங்கு ஆப்ஜெக்டிவ்கள் சில மில்லிமீட்டர் அருகே வந்தால்தான் காட்டும். அந்த இடுக்கில் ஒளியை நுழைப்பதே பெரும்பாடு.

செலவும் இரண்டு துருவங்களில் இருக்கிறது. மிட்டுடோயோ ஒன்றின் விலைக்கு நல்ல கேமராவே வாங்கிவிடலாம். மறுபுறம், இந்தியப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு நுண்ணோக்கிகள் செய்து அனுப்பும் ஹரியானாவின் அம்பாலாவில் எளிய ஆப்ஜெக்டிவ் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் டியூப்களும் சேர்த்து 160 மி.மீ. தூரத்தை அமைத்தால் அது கேமராவில் வேலை செய்யும். ‘முடிவிலி’ வகை ஆப்ஜெக்டிவ் என்றால் நடுவே ஒரு டியூப் லென்ஸ் வேண்டும்; பலர் அதற்கு 200 மி.மீ. டெலி லென்ஸையோ ரேய்னாக்ஸ் டி.சி.ஆர்.-150ஐயோ பயன்படுத்துகிறார்கள்.

தெளிவு ஆழம்தான் இங்கே எமன். 0.28 ஆப்ஜெக்டிவின் ஆழம் ஏழு மைக்ரான். இரண்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பூச்சித் தலையை முழுதும் தெளிவாக்க, ஐந்து மைக்ரான் இடைவெளியில் நானூறு படங்கள் தேவை. அவ்வளவு நுட்பமாக நகர்த்த மோட்டார் பூட்டிய ரெயில் வேண்டும், அதிராத மேசை வேண்டும். இந்த வழியின் உச்சம் ஆங்கிலேயர் லெவன் பிஸ் செய்த ‘மைக்ரோஸ்கல்ப்சர்’. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை, ஒவ்வொன்றுக்கும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்துச் சேர்த்து, 2016இல் சுவரளவுக்குக் காட்சிக்கு வைத்தார். பத்து மடங்கு ஆப்ஜெக்டிவ், 200 மி.மீ. லென்ஸ், பகுதி பகுதியாக மாற்றி அமைத்த ஒளி.

அந்தப் பூச்சிகள் எல்லாம் இறந்தவை. இந்தக் கட்சியின் பலவீனத்தைச் சொல்ல அந்த ஒரு தகவலே போதும்.

சென்சார் பெரிதா, சிறிதா

கேமராவைப் பற்றிய வாதத்தில் சூடு அதிகம், சாரம் குறைவு. சிறிய சென்சாரில் ‘அதிக ஆழம் கிடைக்கும்’ என்பார்கள். ஐந்து மில்லிமீட்டர் அகலக் காட்சியை நிரப்ப முழுச்சட்டத்துக்கு 7.2 மடங்கு வேண்டும்; ஏ.பி.எஸ்.-சிக்கு 4.7; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 3.5 போதும். ஒரே காட்சி, ஒரே நியூமெரிக்கல் அபர்ச்சர் என்று ஒப்பிட்டால் மூன்றிலும் ஆழமும் விளிம்பு விளைவும் ஒன்றே. பெரிய சென்சார் அதிக ஒளியை ஏற்றுக்கொள்ளும் என்ற நன்மை உண்மைதான், ஃபிளாஷ் அந்த ஒளியைத் தரும்வரை. சிறிய சென்சாருக்கு உள்ள உண்மையான நன்மை வேறு: குறைந்த உருப்பெருக்கமே போதும் என்பதால் லென்ஸும் எடையும் குறைகின்றன. மெகாபிக்சல் போட்டியைப் பற்றிச் சொல்ல, மேலே பார்த்த பத்துப் பிக்சல் புள்ளியே போதும்.

வெளிச்சம்: எல்லாரும் கடைசியில் பேசுவது

லென்ஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோர் ஒளியைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது என்று தோன்றுகிறது. ஐந்து மடங்கில் ஒளி முப்பத்தாறில் ஒரு பங்காகிவிட்ட நிலையில், நம் ஊர் வெயிலும் ஓடும் எறும்பை உறையவைக்கப் போதாது. ஃபிளாஷ் தவிர்க்க முடியாதது. குறைந்த திறனில் வெடிக்கும்போது ஃபிளாஷின் ஒளி நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்கே நீடிக்கும். கை நடுக்கத்தையும் காலாட்டத்தையும் நிறுத்துவது ஷட்டர் அல்ல, அதுதான்.

ஆனால் மென்மையாக்காத ஃபிளாஷ் பூச்சிக்குப் பகை. வண்டின் ஓடும் எறும்பின் வயிறும் மெருகு போட்டதுபோல் பளபளப்பவை. அவற்றில் ஃபிளாஷ் வெள்ளைத் திட்டாகப் பதிந்து, கீழே இருக்கும் நுண்வரிகளை அழித்துவிடும். அதனால் டிஃப்யூசர் பூச்சியின் அளவோடு ஒப்பிட எவ்வளவு பெரிதாகவும் அருகிலும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தெர்மாகோல் தட்டு, டிரேசிங் பேப்பர், வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா என்று சில பத்து ரூபாய்ப் பொருள்களில் செய்தவை, விலையுயர்ந்த இரட்டை ஃபிளாஷ்களின் வெறும் ஒளியைவிட நல்ல படம் தருகின்றன. ஷஹானின் படங்களில் பாதி அழகு திருப்பி மாட்டிய லென்ஸில் இல்லை, அந்த வீட்டுத் தயாரிப்பு டிஃப்யூசரில் இருக்கிறது. லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தையும், அதைவிட முக்கியமாகப் பொறுமையில் பெரும்பங்கையும் இதற்கு ஒதுக்குவதே நியாயம்.

எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும்?

இந்தக் கட்சிகளின் சண்டை தீராததற்குக் காரணம், எல்லாரும் ‘எத்தனை மடங்கு’ என்று கேட்பதுதான். வேறொரு கேள்வியைக் கேட்டால் பல முடிச்சுகள் தானே அவிழ்கின்றன: எடுக்கப்படும் உயிர் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும்?

அடி அண்ணாமலையின் ஓராண்டையே எடுத்துக்கொள்ளலாம். ஆடிக் காற்று அடிக்கும் மாதத்தில் இலை ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் ஐந்து மடங்கில் சென்சாரின் மேல் அது ஐந்து மில்லிமீட்டர் ஓட்டம், ஏ.பி.எஸ்.-சி சட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது ரெயிலும் ஆப்ஜெக்டிவும் பெட்டியிலேயே இருக்கலாம். இலையின் காம்பை இடது கையால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்து, ஒரே ஃபிளாஷ் ஒளியில் எடுப்பவருக்குத்தான் படம் கிடைக்கும். அவருக்கு ரேய்னாக்ஸோ இரண்டு மடங்கு லென்ஸோ போதும். துளையைக் கொஞ்சம் சுருக்கி நுணுக்கத்தைச் சிறிது இழப்பதே புத்திசாலித்தனம்.

முதல் நல்ல மழைக்குப் பின் செம்மண்ணில் ஊர்ந்து வரும் தம்பலப்பூச்சி வேறு வகை. சென்டிமீட்டர் அளவுள்ள அது மெதுவாகத்தான் நகரும். அதன் பட்டுரோமத்துக்கு இரண்டு மடங்கே தாராளம். குழியானையோ மணற்குழியின் அடியில் தாடையை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருக்கும். அதன் பொறுமை எந்தப் படக்காரருக்கும் வாய்த்த வரம், ஆனால் நாலு சென்டிமீட்டர் அருகே வரும் லென்ஸ் குழியைச் சரித்துவிடும். இங்கே இடைவெளியே முதன்மை. மார்கழியின் அதிகாலையில் பனித்துளி ஏறி உறைந்து உட்கார்ந்திருக்கும் தட்டானும் தேனீயும், சூரியன் ஏறும்வரை கருவிக்கு நேரம் கொடுக்கின்றன. ட்ரைபாடில் ஐந்து மடங்கு லென்ஸை வைத்து, இருபது முப்பது படங்களைச் சேர்க்கும் ஸ்டாக்கிங் களத்தில் சாத்தியமாவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

இறந்த மாதிரிகளுக்கு வந்தால் கதையே வேறு. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் கண்டறியப்பட்டுத் தமிழகம் முழுக்கப் பரவி, பப்பாளியோடு மரவள்ளி, மல்பெரிப் பயிர்களையும் நாசமாக்கியது. 2010இல் போர்ட்டோரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் வழியே வயல்களில் விடப்பட்டன. அவற்றில் முக்கியமான அசெரோஃபேகஸ் பப்பாயே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இப்படிப்பட்ட பூச்சியின் உணர்கொம்புக் கணுக்களை எண்ணி இனம் உறுதி செய்யவேண்டிய படத்துக்கு மேக்ரோ லென்ஸ் எதுவும் போதாது. ஆப்ஜெக்டிவ், ரெயில், ஸ்டாக்கிங் மூன்றும் வேண்டும். கோவையில் 2018இல் திறக்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு அந்த முதலீடு நியாயமானது. கிரிவலப் பாதையில் காலை நடை போகிறவருக்கு அது சுமை.

நடுவே ஒரு குறுக்குவழி புழங்குகிறது. உயிருள்ள பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச்செய்து, ‘களப்படம்’ என்று காட்டுவது. அசையாமையைச் சம்பாதிக்கும் வழி இதுவல்ல. படத்தில் கால்கள் மடிந்து கிடக்கும் விதமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்காவிட்டாலும் அந்தப் படம் உயிரின் நடத்தையைப் பற்றிப் பொய் சொல்கிறது. பூச்சி வாழும் இடத்துக்கும் இதே நேர்மை பொருந்தும். அடி அண்ணாமலையை ஒட்டிய மலைச்சரிவு வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 1980களின் இறுதியிலிருந்து மரம் நட்டு, கோடைத் தீயிலிருந்து காத்து மீட்டெடுக்கப்பட்டுவரும் காடு அது. அங்கே கிளையை ஒடிப்பதும் கல்லைப் புரட்டிவிட்டு அப்படியே போவதும் படக்கலையின் கணக்கில் சேராது.

முடியாத விவாதங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. முதலாவது, ஸ்டாக்கிங் செய்த படத்தை எவ்வளவு நம்பலாம் என்பது. மென்பொருள்கள் இரண்டு பெரிய வழிகளில் வேலை செய்கின்றன. ஒரு வழி ஒன்றன் மேல் ஒன்று குறுக்கிடும் மயிர்களை நன்றாகக் காப்பாற்றும், ஆனால் மணல்போன்ற இரைச்சலையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றிவிடும். மற்றது நிறத்தையும் வழுவழுப்பான பரப்பையும் உள்ளபடி வைத்திருக்கும், ஆனால் விளிம்புகளில் ஒளிவட்டம் விடும். படங்களுக்கு நடுவே பூச்சி அசைந்திருந்தால் ஆறு கால் எட்டாகக்கூடும். எறும்பா சிலந்தியா என்று கால்களை எண்ணிச் சொல்ல வேண்டிய இடத்தில் இது சின்னப் பிழை அல்ல. இப்போது புழக்கத்துக்கு வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கூர்மையாக்கிகள் சிக்கலை இன்னும் கூட்டுகின்றன. இல்லாத மயிரை அவை வரைந்துவிட்டால் வகைப்பாட்டியலாளருக்கு அந்தப் படத்தால் பயன் என்ன? மூலப்படங்களையும் சேர்த்து வைக்கும் வழக்கம் பரவினால் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கலாம்.

இரண்டாவது, உயிருள்ள, அசையும் பூச்சியை ஸ்டாக்கிங் செய்ய முடியுமா என்பது. கேமராவுக்குள்ளேயே ஃபோகஸை நகர்த்தி மளமளவென்று எடுக்கும் வசதி பரவிவிட்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III, சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரோடு வந்து, எந்த வேகத்திலும் ஃபிளாஷை ஒத்திசைக்கும் பாதையைத் திறந்தது. நொடிக்குப் பல பத்துப் படங்களை ஃபிளாஷ் ஈடுகொடுத்து எரிக்குமானால், இன்று மேசைக்குரியதாக இருக்கும் நுணுக்கத்தில் ஒரு பகுதி இலைக்கு வரக்கூடும். ஆனால் ஃபிளாஷின் மின்தேக்கி அவ்வளவு வேகத்தில் நிரம்புவதும், அத்தனை மின்னலுக்கு நடுவே பூச்சி அசையாமல் இருப்பதும் நிறுவனங்களின் விளம்பரத்தால் தீரும் பிரச்சினைகள் அல்ல.

மூன்றாவது விவாதம் கருவியைப் பற்றியதே அல்ல, நோக்கத்தைப் பற்றியது. அஜய் நரேந்திரா, சுனில் குமார் இருவரும் 2006இல் வெளியிட்ட தீபகற்ப இந்திய எறும்புகள் பற்றிய கையேடு போன்ற நூல்கள், நல்ல படம் ஆர்வலரையும் அறிவியலையும் இணைக்கும் என்று காட்டின. ஆனால் சிலந்தி, குளவி, பேன் வகைகளில் பலவற்றைப் படத்தை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது. உறுப்பைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பத்து மடங்குப் படம் அந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறதா, அல்லது அறிந்துவிட்டோம் என்ற தவறான உறுதியைத் தருகிறதா என்பதில் ஆய்வாளர்களும் படக்காரர்களும் இன்னும் ஒரு கருத்துக்கு வரவில்லை. குழுவுக்குக் குழு விடை மாறும் என்பதே இப்போதைக்குச் சொல்லக்கூடியது: எறும்புகளுக்கு நல்ல பக்கவாட்டுப் படம் பேரினம் வரை பெரும்பாலும் கொண்டுபோய்விடும்; ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த ஒட்டுண்ணிக் குளவிகளுக்கோ மாதிரியும் நுண்ணோக்கியும் இல்லாமல் பெயர் வைப்பது கடினம்.